குசினிக்கு வந்த வரிச்சலுகை

சோலைவரி என்கிற வீட்டுவரிக் கடதாசியைக் கொண்டு போகிறவளை முதலில் அடையாளம் காண்பது நாய்தான். அது குரைத்துக்கொண்டு வாசல் கடப்படிக்கு வந்து சேரும் நேரத்துக்குள் வீட்டுக்காரர் பின்வேலியால் போய்விடுவார்.

நான் ஒரு பிரதேச சபையில் காரியாலய உதவியாளர். படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. தேத்தண்ணி ஊற்றுவது, கோவைகளைத் தூக்கித் திரிவது, வருடம் பிறந்தால் வீட்டுவரி அறிவித்தல்களைச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பது, இவைதான் என் வேலை. வரி கட்டுகிறவர்களே, உங்களுக்கு வரியால் மட்டும்தான் வருத்தம். எனக்கு வரியாலும் வருத்தம், உங்களாலும் வருத்தம். எங்கள் வீட்டுக் கடதாசியையும் நான்தான் கொண்டு போகிறேன். நானே கையெழுத்து வைத்து வாங்கி, நானே முகத்தைச் சுழித்துக்கொள்கிறேன்.

அவருக்கு வந்த கடிதம்

வாவிக்கரை ஒழுங்கையின் கடைசி வளவு பூரணம் அக்காவுடையது. வயது அறுபத்தைந்து, புருஷன் செத்து ஒன்பது வருடமாகிறது. முன்னால் கல்வீடு, பின்னால் தகரம் போட்ட சமையல் குசினி. கல்வீட்டில் மகள் சுகந்தியும் மருமகனும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். அக்காவின் பாயும் தலையணையும் குசினியில். சுகந்தி பாசிக்குடாப் பக்கம் ஒரு ஹோட்டலில் அறை துப்பரவாக்கப் போகிறாள். அக்காவின் பிழைப்பு குசினி மூலையில் நிற்கிற பழைய பிரிட்ஜ். விடியற்காலையில் வாவியால் வருகிற இறாலை வாங்கி, கோது கழற்றி, பொதி பொதியாகக் கட்டி அதற்குள் வைத்து விற்பார். அந்த பிரிட்ஜ் நின்றால் அவருடைய உலையும் நின்றுவிடும்.

அந்த வளவுக்கு ஒன்பது வருட வரி நிலுவை. இனி வறண்ட் என்று சபைக் கந்தோரில் முடிவாயிற்று. பொலிஸ் வந்து ஆளைப் பிடிக்கிற வறண்ட் இல்லை; சபை ஆட்கள் வந்து சாமானைத் தூக்குகிற வறண்ட். அங்கே தூக்குவதற்கு பிரிட்ஜைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அன்றைக்கே நேரே போய், “இவ்வளவு காலமும் நான் தந்த கடதாசியெல்லாம் எங்கயக்கா?” என்று கேட்டேன். அக்கா என்னைச் சாமித் தட்டடிக்குக் கூட்டிப் போனார். புருஷனின் படத்துக்கு முன்னால் ஒன்பது வருடக் கடதாசியும் பிரிக்காமல் அடுக்கியபடி இருந்தது. மேலே ஒரு செவ்வரத்தம்பூ. சபைப் புத்தகத்தில் இன்னும் அந்த மனிதரின் பேர்தான் கிடக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

“அவர்ட பேருக்கு வந்த கடதாசிய நான் பிரிச்சிப் பார்க்கிறது சரியில்ல கா, அதான் அவருக்கிட்டயே வெச்சிட்டன்.”

யார் போட்ட கையெழுத்து

ஆண்டவர் கைவிடமாட்டார் என்று நான் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த அதே கிழமையில் மாகாணத்திலிருந்து ஒரு சுற்றுநிருபம் வந்தது. வீட்டுவரியில் சலுகை. நிலுவை எல்லாம் தள்ளுபடி, இனி வருகிற வரியும் இல்லை. நிபந்தனை நாலு: விதவையாக இருக்கவேண்டும், அறுபது வயது தாண்டியிருக்கவேண்டும், வீடு தன் பேரில் இருக்கவேண்டும், அதில் தனித்து வாழவேண்டும்.

செயலாளர் அதைப் பெரிய எழுத்தில் அடித்து, சந்தைச் சுவரில் ஒட்டச் சொன்னார். நான் பசை பூசிக்கொண்டிருந்தபோது, ஏறாவூரில் இருந்து வந்து அங்கே சீலைக்கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானா ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். முதலாம் வரியில் இருந்து கடைசிக் கையெழுத்து வரைக்கும் நிதானமாக வாசித்தார். தலையைச் சொறிந்தார். மறுபடியும் வாசித்தார்.

“மாகாண சபைக்குத் தேர்தல் வெச்சி எத்தின வருசம் தங்கச்சி, ஆளே இல்லாத ஊட்டுல இருந்து சலுகை மட்டும் எப்பிடி வருது?”

கட்டினவர்களும் குடியிருப்பவர்களும்

படிவங்களைக் கட்டாகக் கட்டி சைக்கிளில் வைத்துக்கொண்டு நானும் புது வருமானப் பரிசோதகரும் புறப்பட்டோம். குமார் சேர் மலையகத்துப் பிள்ளை. வந்து இரண்டு மாதம்தான். என் மூத்த மகனைவிட வயது குறைவு. ஆனாலும் சேர் சேர்தான். அவர் என்னை அம்மா என்பார்.

முதல் வீட்டில் விதவை, வயது அறுபத்தெட்டு, வீடு மகள் பேரில். இரண்டாம் வீட்டில் விதவை, எழுபது, வீடு மகள் பேரில். மூன்றாம் வீடும் அப்படி. ஒழுங்கை முடிந்து அடுத்த ஒழுங்கைக்கும் போனோம். எங்கள் பக்கத்தில் மகளைக் கட்டிக் கொடுத்தால் வீட்டையும் அவள் பேரில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். தாயும் தகப்பனும் பின்னால் பத்தி என்கிற சாய்ப்பு ஒன்றை இறக்கிக்கொண்டு ஒதுங்குவார்கள். நானும் மேசனோடு கட்டட வேலைக்குப் போகிற என் மனிசனும் அப்படித்தான் ஒதுங்கினோம். பத்தியில் மழைக்கு ஒழுகுகிறது, மற்றப்படி சுகம். ஆக அறுபது தாண்டிய விதவைக்குச் சொந்த வீடு வேண்டும் என்று சுற்றுநிருபம் எழுதின கை எங்கள் ஊருக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை.

பத்துப் பதினைந்து வளவு ஏறி இறங்கியபின் குமார் சேர் வேப்பமரத்தடியில் நின்று வியர்வையைத் துடைத்தார்.

“ஏம்மா, இந்த ஊர்ல வீடு கட்டுனவங்க எல்லாரும் வீட்டுக்குப் பின்னாடிதான் இருக்காங்களா?”

மூன்று ஆண்பிள்ளை

ஒரேயொரு வீட்டில் நாலு நிபந்தனையும் அச்சொட்டாகப் பொருந்தியது. அந்தப் பெரியம்மாவுக்குப் பெண்பிள்ளை இல்லை. மூன்று மகன்மாரும் கல்யாணம் கட்டிப் பெண்சாதிமார் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வீடு அவர் பேரில். இருப்பதும் அவர் மட்டும். சேரின் முகம் மலர்ந்துவிட்டது. நான் சந்தோசத்தில் படிவத்தை நீட்டி, விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தேன். “தனித்து வாழ்பவர்” என்ற இடம் வந்ததும் பெரியம்மா பேனையைத் திருப்பித் தந்துவிட்டார்.

“மூண்டு ஆம்பிளப் புள்ளையப் பெத்தவள் பார்க்க ஆளில்லாமக் கிடக்காள் எண்டு, நீ கொண்டுவந்த கடதாசியில நானே கையெழுத்து வைக்கவா கா?”

திருப்பி எழுதும் யோசனை

பூரணம் அக்காவுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வறண்டுக்கு அடுத்த மாதம் முதலாம் திங்கட்கிழமை என்று குறித்துவிட்டார்கள். சுகந்தி வேலைக்குப் போகிற வழியில் என்னை மறித்து, “அன்டி, வீட்ட அம்மாட பேருக்குத் திருப்பி எழுதிட்டா என்ன? எனக்கு வீடா முக்கியம், அம்மாட பிரிட்ஜ் போனா அம்மா படுத்துருவா” என்றாள். நல்ல பிள்ளை. எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. இரண்டு பேருமாகப் போய் அக்காவிடம் சொன்னோம்.

அக்கா இறால் கோது கழற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தவில்லை.  இறாலை ஒவ்வொன்றாகச் சட்டிக்குள் போட்டுக்கொண்டே இருந்தார். சுகந்திக்கு அழுகை வந்துவிட்டது. சட்டி நிரம்பியபின் சீலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“குடுத்த சீதனத்தத் திருப்பி எடுத்தா, நாளைக்கு என்ட சம்மந்தி வந்து மகனக் கூட்டிக்குப் போவா, மறுகா இந்த பிரிட்ஜுக்குள்ள நான் மகளையா வெச்சிப் பூட்டுற?”

ஒரே அடுப்பு

வளவு அக்காவுக்குத் தாய்வழியில் வந்தது, சபைப் புத்தகத்தில் மட்டும்தான் புருஷனின் பேர். கடைசியில் காணி உறுதியை வாங்கி விரித்துப் பார்த்தோம். மகளுக்கு எழுதின காலத்தில் பின்வேலிக்காரரோடு எல்லைச் சண்டை இருந்திருக்கிறது. அதனால் உறுதி எழுதிய நொத்தாரிசு முன்பாதியை மட்டும் எழுதிவிட்டு, குசினி நிற்கிற துண்டை விட்டிருக்கிறார். பிறகு சண்டை ஓய்ந்தது, துண்டை எல்லாரும் மறந்துபோனார்கள். ஆகவே குசினி இன்றைக்கும் பூரணம் அக்காவின் பேரில். முழு வளவுக்கும் சபையில் ஒரே வரி இலக்கம்தான். அந்தக் குசினியில் அக்கா தனித்து வாழ்கிறார் என்று பரிசோதகர் பார்த்து எழுதினால் காணும், இலக்கத்தின் நிலுவை முழுவதும் தள்ளுபடி என்று செயலாளர் சொன்னார்.

தனித்து வாழ்வது என்றால் தனி உலை. இதைக் கேட்ட சுகந்தி, சேர் வருகிற நாளைக்கு யாரிடமோ ஒரு காஸ் அடுப்பு இரவல் வாங்கி முன்வீட்டு மண்டபத்தில் வைத்து, அதன்மேல் ஒரு பானையையும் ஏற்றிவிட்டாள். பொய்க்கு நான் உடன்படவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. “மாதாவே, சேர் என்னிடம் ஒன்றும் கேட்கக்கூடாது” என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். சேர் மண்டபத்தில் வந்து நின்று அடுப்பைப் பார்த்துத் தலையாட்டினார். அந்த நேரம் பூரணம் அக்கா பின்னால் இருந்து வந்தார். மகள் வேறாக அடுப்பு வைத்திருப்பதைக் கண்டதும் முகம் செத்துப்போயிற்று. அடுப்பையும் பானையையும் தூக்கிக்கொண்டுபோய் முற்றத்தில் வைத்தார். திரும்பி வந்து, “தம்பி, இந்த வளவில ஒரே அடுப்புத்தான். நான்தான் ஆக்கிற, இவங்க எல்லாரும் அதத்தான் தின்னுற. எழுதிக்குப் போங்க” என்றார்.

எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். சேர் குசினிக்குப் போய் எரிகிற விறகடுப்பைப் பார்த்தார். திரும்ப மண்டபத்துக்கு வந்தார். படிவத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததை இரண்டு தரம் வாசித்தார். பூரணம் அக்காவின் பேரப்பிள்ளைகள் இரண்டும் அவருடைய காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு தொங்க, மருமகன் ஒரு கதிரையில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்க, பேனையைத் திறந்தார்.

“சமைக்கிற எடம் இல்லாத கட்டடம் வசிப்பிடம் இல்லன்னு படிவத்துலயே இருக்கும்மா, வசிப்பிடமே இல்லாத எடத்துல ஆளுங்க வசிக்க முடியாதுங்களே, அப்போ இந்த அம்மா தனியாத்தான் வாழுறாங்க.”

வசிப்பிடமல்ல

சலுகை அனுமதியாகி வந்தது. கந்தோரில் கடிதத்தின் பிரதியைக் கண்டவுடன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன். அக்காவை இருத்தி வைத்து வாசித்துக் காட்டினேன். நிலுவை தள்ளுபடி என்ற இடத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். சந்தோசத்தில் கடைசிவரை வாசித்துவிட்டேன். “வசிப்பிடம்: பின்புறக் கட்டடம். முன்புறத்தில் உள்ளது வசிப்பிடமல்லாத இணைப்புக் கட்டடம்.”

அக்கா கண்ணைத் திறந்தார். அந்த வரியைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இந்தக் கடிதத்தைச் சபைத் தலைவரான தவிசாளர் வெள்ளிக்கிழமை கூட்டம் வைத்து, எல்லாருக்கும் முன்னால் கையில் தருவார், படம் எடுப்பார்கள், சபை முழுவதிலும் சலுகை கிடைத்த ஒரே ஆள் நீங்கள்தான் என்றேன். அவர் எழும்பிப் போய்க் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே இருந்துதான் பதில் வந்தது.

“கல்லால கட்டி, ஓடு போட்டு, என்ட மகளுக்கு நான் குடுத்தது வீடு இல்லையாம், அத நானே மேடையில ஏறி வாங்கி என்ட சம்மந்திக்குக் காட்டணுமா கா?”

வெள்ளைச் சீலை

வியாழக்கிழமை முழுவதும் கெஞ்சினேன். அக்கா மசியவில்லை. ஆனால் பிரிட்ஜைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சும் விட்டார். வெள்ளிக்கிழமை கடிதம் கைக்கு வராவிட்டால் திங்கட்கிழமை வறண்ட். தவிசாளர் கெட்ட மனிதர் இல்லை. மேலிடத்தில் இருந்து ஆட்கள் வருகிறார்கள், பந்தல் போட்டாயிற்று, பயனாளி இல்லாமல் பந்தலை என்ன செய்வது என்பதுதான் அவருடைய கவலை. கடைசியில் செயலாளர் ஒரு வழி சொன்னார். அக்கா ஒரு அதிகாரக் கடிதம் எழுதித் தந்தால், அவருக்காக நான் வாங்கலாம். அக்கா அந்த நிமிடமே கையெழுத்து வைத்தார்.

அது மாதத்தின் முதல் வெள்ளி. காலைப் பூசைக்குப் போய்விட்டு, கோவிலுக்கு உடுக்கிற வெள்ளைச் சீலையோடு அப்படியே பந்தலுக்கு வந்தேன். காதில் கழுத்தில் ஒன்றும் இல்லை; முதல் வெள்ளியில் நான் நகை போடுவதில்லை. பயனாளி வரவும் என்று கூப்பிட்டதும் மேடைக்கு ஏறினேன். மேலிடத்தில் இருந்து வந்து ஒலிபெருக்கியில் பேசியவர், கணவனை இழந்து யாருமற்று வாழும் இந்தத் தாயின் கண்ணீரை மாகாணம் துடைத்தது என்றார். எனக்குப் பயத்தில் உண்மையாகவே கண்ணீர் வந்தது. படம் எடுக்கிறவர் அதற்குத்தான் காத்திருந்தவர்போல நாலைந்து தரம் படம் அடித்தார். நான் கடிதத்தைச் சீலைக்குள் செருகிக்கொண்டு இறங்கி, நேரே வாவிக்கரை ஒழுங்கைக்குப் போனேன்.

அக்கா கடிதத்தை வாங்கி, மடித்து, அரிசி வாளிக்குள் அடியில் வைத்து மூடினார். பிரிட்ஜின் கதவைத் திறந்து பெரிய இறாலாகப் பார்த்து ஒரு பொதியை எடுத்து என் கையில் திணித்தார். முன்வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“மேடையில வாங்கினது நீதானே திரேசா, அப்ப கேட்கிற ஆக்களுக்கு அது உன்ட வீட்டுக்கு வந்த சலுகை எண்டே சொல்லிரு.”

கத்தாரிலிருந்து ஒரு அழைப்பு

படம் பின்னேரமே சபையின் முகநூலில் வந்துவிட்டது. அதைக் கத்தாரில் இருக்கிற என் மூத்த மகன் பார்த்திருக்கிறான். வெள்ளைச் சீலை, வெறுங்கழுத்து, கண்ணீர், கீழே “கணவனை இழந்த ஆதரவற்ற தாய்”. என் கைபேசிக்கு எடுத்திருக்கிறான். கூட்டத்துக்காக நான் அதைச் சத்தமில்லாமல் வைத்தவள், பிறகு மறந்துபோனேன். தங்கச்சிக்கு எடுத்தால் அவள் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். செத்த வீட்டில் யாராவது தூக்குவார்கள்தானே என்று கடைசியாகத் தகப்பனின் கைபேசிக்கே எடுத்திருக்கிறான். அதைத் தகப்பன்தான் தூக்கினார். அவன் அந்தப் பக்கம் ஒப்பாரி. இவர் இந்தப் பக்கம், ஆர் மகன் செத்த, ஆர் செத்த என்று பதறி, தான்தான் என்று விளங்கிக்கொள்ள நல்ல நேரம் பிடித்ததாம்.

நான் இறால் பொதியோடு வளவுக்குள் நுழைந்தபோது மனிசன் பத்தியின் வாசலில் கதிரை போட்டு இருந்தார். மகளும் மருமகனும் அயலட்டை இரண்டு மூன்று பேரும் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் நடந்ததையெல்லாம் ஒன்றும் விடாமல் சொன்னேன். ஆண்டவருக்கு முன்னால் நான் பொய் சொல்லவில்லை, வாயே திறக்கவில்லை என்றேன். படத்துக்குக் கீழே இருப்பதைத் திருத்தச் சொல்லலாம்தான். திருத்தினால், அப்ப உண்மையான ஆள் யார் என்று சம்மந்தி வீடு வரைக்கும் கதை போகும். அதனால் விட்டுவிட்டேன் என்றும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டு, பொதியை வாங்கிப் பிரித்து, இறாலின் பருமனைப் பார்த்தார்.

“சரி கா, நான் செத்ததா இருந்திட்டுப் போறன், ஆனா எனக்கு முப்பத்தோராம் நாள் பூசை எண்டைக்கு வருது எண்டு கலண்டரில பார்த்துச் சொல்லு, அண்டைக்கு வேலைக்கு வரமாட்டன் எண்டு மேசனுக்கு அறிவிக்கணும்.”

அந்தச் சுற்றுநிருபத்தால் எங்கள் சபை முழுவதிலும் ஒரு பிரிட்ஜ் தப்பியது, அதற்காக ஊரறிய விதவையான நான் இந்த வருடமும் எங்கள் வீட்டு வரியை என் மனிசனையே அனுப்பி முழுதாகக் கட்டினேன்.